ஓவன் கறைக்கு ஆப்பசோடாவா, ஸ்ப்ரேயா?

சிக்கன் கொழுப்பு ஓவனின் உள்சுவரில் தெறித்துக் கருகிவிட்டால் ஈரத்துணிக்கெல்லாம் அசையாது. கடையில் விற்கும் ஓவன் கிளீனர் ஸ்ப்ரேக்கள் பலவற்றில் காஸ்டிக் சோடா இருக்கிறது. கொழுப்பையே சோப்பாக மாற்றிவிடுவதால் கறை சீக்கிரம் இளகிவிடும். ஆனால் நெடி தொண்டையைப் பிடிக்கும், தோலில் பட்டால் புண்ணாகும். கையுறையும் திறந்த ஜன்னலும் கட்டாயம். அலுமினியத்தையும் அது அரிக்கும். அலுமினியப் பூச்சுள்ள சின்ன ஓடிஜிக்கு (மேசைமேல் வைக்கும் ஓவன்-டோஸ்டர்-கிரில்) வேண்டவே வேண்டாம்.

ஆப்பசோடா மெதுவான ஆள். அரை கப் சோடாவில் மூன்று நான்கு ஸ்பூன் தண்ணீர் விட்டு, இட்லி மாவைவிடக் கெட்டியாகக் குழைத்து, ஹீட்டர் கம்பிகளில் படாமல் பூசி, இரவு முழுக்க விட வேண்டும். காலையில் வெள்ளைப் பசை பழுப்பாகியிருக்கும். அதைப் பார்த்ததுமே எனக்கு மனசு நிறைந்துவிடும். அப்புறம் நாலைந்து முறை துடைக்க வேண்டும், கை வலிக்கத்தான் செய்யும். வினிகரை முதலிலேயே கலக்காதீர்கள், ஒன்றையொன்று முறித்துவிடும். கடைசியில் மிஞ்சும் வெள்ளைப் படிவத்தின் மேல் தெளித்தால் போதும்.

எதுவானாலும் பிளக்கைக் கழற்றி, நன்றாக ஆறிய பிறகுதான். சாப்பாடு வேகும் இடம் என்பதால் நான் சோடா பக்கம். வருடக்கணக்கில் ஊறிய கறை, அதுவும் எனாமல் பூச்சுள்ள பெரிய ஓவன் என்றால் மட்டும் ஸ்ப்ரே.