முழு வண்டியா, தனி ஃபிரேமா, பழையதற்கே புதுப் பாகங்களா?

நம் பேச்சில் பைக் என்றாலே இன்ஜின் வைத்த வண்டிதான். அதனால் குழப்பம் வராமல் இருக்க, இங்கே மவுண்டன் பைக்கைச் சைக்கிள் என்றும் மோட்டார் சைக்கிளைப் பைக் என்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டின் மேலும் எனக்குப் பைத்தியம் உண்டு. பைக்கைக் கழற்றிப் பூட்டிப் பழகிய கையோடுதான் சைக்கிளுக்கு வந்தேன். அந்தப் பழக்கம் சில இடங்களில் பெரிதும் உதவியது, சில இடங்களில் நன்றாகவே தவறான வழி காட்டியது.

காட்டுத்தடத்தில் ஓட்ட நல்ல சைக்கிள் வேண்டும் என்றால் வழி மூன்று. கடையில் முழுசாக வாங்கலாம். ஃபிரேமைத் தனியாக வாங்கி ஒவ்வொரு பாகமாகக் கோக்கலாம். அல்லது வீட்டில் நிற்கும் வண்டிக்கே பாகங்களை மாற்றலாம். என் தீர்ப்பை முதலிலேயே சொல்கிறேன்: முதல் சைக்கிள் என்றால் முழு வண்டிதான். ஏற்கெனவே ஒன்று இருந்தால், அதன் ஹெட் டியூபையும் (ஃபோர்க்கின் கழுத்து நுழையும் முன்குழாய்) சக்கர அச்சையும் பார்த்த பிறகுதான் பேச்சு. தனி ஃபிரேம் வாங்கிக் கட்டுவது, பாதிப் பாகங்கள் ஏற்கெனவே கையில் இருப்பவர்களுக்கானது.

முழு வண்டி

சைக்கிள் கம்பெனிகள் ஃபோர்க், பிரேக், கியர் எல்லாவற்றையும் ஆயிரக்கணக்கில் மொத்தமாக வாங்குகின்றன. அந்த விலை தனியாக ஒன்று வாங்கும் நமக்குக் கிடைக்காது. ஒரு முழு வண்டியில் இருக்கும் பாகங்களை அதே தரத்தில் தனித்தனியாக வாங்கிக் கூட்டிப் பாருங்கள், வண்டி விலையைத் தாண்டிவிடும். இந்த ஒரு காரணமே முதல் சைக்கிளுக்குப் போதும்.

ஆனால் கம்பெனி எங்கே சிக்கனம் பிடித்திருக்கிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும். கண்ணில் படுகிற இடத்தில், அதாவது செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் பின் டிரெய்லியரில், ஒரு படி உயர்ந்த மாடல் இருக்கும். கண்ணில் படாத செயின், கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி), ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), பாட்டம் பிராக்கெட் (பெடல் கிராங்க் சுழலும் பேரிங்) எல்லாம் ஒரு படி கீழே இருக்கும். பிரேக் டிஸ்க்கைக் குனிந்து பாருங்கள். ரெசின் பேடு மட்டுமே போட வேண்டும் என்று சில டிஸ்க்குகளில் பொறித்திருக்கும். அதில் மெட்டல் பேடு போட்டால் டிஸ்க் சீக்கிரம் தேய்ந்துவிடும், ஆக பேடை உயர்த்த நினைத்தால் டிஸ்க்கையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும்.

அடுத்தது ஃப்ரீஹப், அதாவது பின் ஹப்பில் கேசட் உட்காரும் பகுதி. பழைய ஹெச்ஜி வகை என்றால் கேசட்டின் சின்னப் பல்சக்கரம் 11 பல்லோடு நின்றுவிடும். எக்ஸ்டி அல்லது மைக்ரோ ஸ்ப்லைன் என்றால் 10 பல் வரை போகலாம், மைக்ரோ ஸ்ப்லைனில் ஷிமானோவின் 10-51, எக்ஸ்டியில் ஸ்ராமின் 10-50 கேசட் உட்காரும். வாங்கும்போது யாரும் இதைக் கேட்பதில்லை. இரண்டு வருடம் கழித்து கியர் மாற்றப் போகும்போதுதான் ஹப்பும் சேர்ந்து செலவு வைக்கும்.

இவை எல்லாவற்றையும்விட ஃபிரேமின் அளவும் கோணமும்தான் முக்கியம். ரீச் (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து ஹெட் டியூபின் மேல்முனை வரை கிடைமட்டத் தூரம்) உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா, ஹெட் ஆங்கிள் (ஹெட் டியூபின் சாய்வு) நீங்கள் ஓட்டும் இறக்கத்துக்கு ஏற்றதா என்று பாருங்கள். கியர், பிரேக், டயர் எல்லாவற்றையும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். ஃபிரேமின் கோணத்தை மாற்றவே முடியாது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். சுமாரான பாகங்களோடு வரும் நல்ல ஃபிரேமுக்கும், பளபளக்கும் பாகங்களோடு வரும் பழைய பாணி ஃபிரேமுக்கும் நடுவே தேர்ந்தெடுக்கச் சொன்னால், யோசிக்காமல் முதலாவதை எடுப்பேன்.

பழையதற்குப் புதுப் பாகங்கள்

இங்கேதான் நான் அடிபட்டுக் கற்றேன். என் முதல் சைக்கிள் 26 அங்குலச் சக்கரம், ஸ்பிரிங் ஃபோர்க், இரண்டு சக்கரத்துக்கும் க்விக் ரிலீஸ் அச்சு (கைநெம்பால் கழற்றும் மெல்லிய அச்சு). ஃபோர்க் சரியில்லை என்று தோன்றியது. பைக்கில் செய்வது போலவே, நல்ல ஏர் ஃபோர்க் ஒன்றை யாரோ ஓட்டிய நிலையில் வாங்கி வந்தேன். அதன் கழுத்து மேலே ஒன்றே அரைக்கால் அங்குலம், அடியில் ஒன்றரை அங்குலம். என் ஃபிரேமின் ஹெட் டியூபோ மேலும் கீழும் ஒன்றே அரைக்கால்தான். உள்ளே போகவே போகாது. சரி, ஹெட் டியூப் பொருந்தியிருந்தால் மட்டும்? அந்த ஃபோர்க் 15 மி.மீ. அச்சுக்கானது, என் முன் ஹப் 9 மி.மீ. அதற்கு ஹப் வாங்க வேண்டும், ஹப் வாங்கினால் சக்கரத்தையே பின்ன வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதேதான். இத்தனையும் செய்து முடித்தாலும் ஃபிரேம் அதே பழைய ஃபிரேம்தான்.

அதனால் ஒரு பாகம் வாங்குவதற்கு முன் மூன்று அளவு எடுங்கள். ஹெட் டியூப் அடியில் அகன்றிருக்கிறதா என்பது முதலாவது. நேராகத் தெரிகிற 44 மி.மீ. ஹெட் டியூப் என்றாலும் பரவாயில்லை, அடியில் வெளிக்கப் வைத்து அகன்ற கழுத்தை ஏற்றலாம். பின் அச்சின் அகலம் அடுத்தது. 135 மி.மீ. க்விக் ரிலீஸ் என்றால் இனி நல்ல சக்கரம் கிடைப்பது அரிது, 142 என்றால் சமாளிக்கலாம், 148 என்றால் கவலையில்லை. மூன்றாவது சீட் போஸ்ட் துளை. 30.9, 31.6 மி.மீ. அளவுகளுக்கு டிராப்பர் போஸ்ட் (ஓட்டும்போதே சீட்டை இறக்கும் போஸ்ட்) தாராளமாகக் கிடைக்கும், 27.2 என்றால் தேர்வு குறைவு. முதல் இரண்டிலும் ஃபிரேம் தோற்றால் டயர், பேடு, கிரிப் தவிர எதற்கும் பணம் போடாதீர்கள். அந்த வண்டியை அப்படியே ஓட்டி அனுபவியுங்கள், சேமித்து அடுத்ததை வாங்குங்கள்.

ஃபிரேம் தேறிவிட்டதா? அப்போது எனக்குச் சரியாகப் பட்ட வரிசை இது. முதலில் டயர், டியூப்லெஸ் ஆக. உள்ளே டியூப் இல்லாததால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி ஓட்டை விழுவது அரிது. காற்றைத் துணிந்து குறைக்கலாம், நானே 30 பிஎஸ்ஐயிலிருந்து 22க்கு வந்தேன். வேர் மேலேயும் ஈரக்கல் மேலேயும் பிடி எப்படி மாறுகிறது என்பதை ஓட்டினால்தான் நம்புவீர்கள். இதற்கு ஆகிற செலவில் வேறெந்த மாற்றமும் இவ்வளவு தருவதில்லை. அப்புறம் முன் டிஸ்க்கை 160இலிருந்து 180க்கு உயர்த்துங்கள், ஃபோர்க் அனுமதித்தால் 203. அடாப்டர் ஒன்றும் டிஸ்க் ஒன்றும்தான் செலவு. அப்புறம் டிராப்பர் போஸ்ட். இறக்கத்தில் சீட் வழியை விட்டு விலகும்போது உடம்புக்கு வருகிற சுதந்திரத்தை, பைக்கில் நின்றுகொண்டு மண்பாதை ஓட்டியவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

ஃபோர்க் நான்காவதுதான். மாற்றும்போது ஆசைப்பட்டு ஓட்டத்தை (ஃபோர்க் அமுங்கும் தூரத்தை) அதிகம் ஏற்றிவிடக் கூடாது. ஹார்ட்டெயிலில் (பின் சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிளில்) 20 மி.மீ. ஏற்றினால் ஹெட் ஆங்கிள் ஏறக்குறைய 1 டிகிரி சாயும், பெடலும் உயரும். அந்த அளவு பெரும்பாலும் நல்லதே செய்யும். 100 மி.மீ. ஃபிரேமில் 140 போடுவது வேறு கதை. நீண்ட நெம்புகோல் போல அது ஹெட் டியூப் பற்றவைப்பை ஒவ்வொரு அடியிலும் பெயர்த்துப் பார்க்கும். ஃபிரேம் தயாரிப்பாளர் சொல்லும் உச்ச வரம்பைத் தாண்டவே வேண்டாம். கியர் கடைசி. இருப்பது தேய்ந்து போகட்டும், அன்று மாற்றலாம்.

தனி ஃபிரேம்

மனசுக்கு மிகப் பிடித்த வழி இதுதான், மறைக்க மாட்டேன். இந்த விளையாட்டே இப்படித்தான் பிறந்தது. கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் 1976இல் ரீபேக் பந்தயம் தொடங்கியபோது, ஓடியவை 1930, 40களின் பழைய ஷ்வின் கம்பெனி ஃபிரேம்கள். அவற்றுக்கு அகன்ற டயர், டிரம் பிரேக், பைக்கின் பிரேக் லீவர் என்று கிடைத்ததையெல்லாம் மாட்டி மலையிலிருந்து இறங்கினார்கள். ஒரே இறக்கத்தில் பின் ஹப்பின் கிரீஸ் எரிந்து புகையாகிவிடும், மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அந்த மறுபடி அடைப்பதுதான் ரீபேக் என்ற பெயர். அந்தப் பந்தயக்காரர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977இல் இதற்கென்றே தனி ஃபிரேம் பற்றவைத்தார். 1981இல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி ஸ்டம்ப்ஜம்பர் சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் முழு வண்டியாக வாங்கும் வழக்கம் பரவலானது.

ஆனாலும் கணக்கு கணக்குதான். வெறும் ஃபிரேமில் தொடங்கி எல்லாம் புதிதாக வாங்கினால் முழு வண்டியைவிடக் கூடுதல் ஆகும். கருவிகள் வேறு. பாட்டம் பிராக்கெட் ஸ்பேனர், கேசட் கருவி, ஹெட்செட் அழுத்தி, ஃபோர்க் கழுத்தை அறுக்கும் ரம்பம் எதுவும் பைக் கருவிப்பெட்டியில் இருக்காது. பதிலுக்குக் கிடைப்பது என்னவென்றால், ஒவ்வொரு பாகமும் உங்கள் தேர்வு. பழைய வண்டியின் சக்கரம், பிரேக், டிராப்பர் புது ஃபிரேமுக்குப் பொருந்துமானால் கணக்கு தலைகீழாகிவிடும், அப்போது இதுவே மூன்றிலும் சிக்கனமான வழி.

ஃபிரேம் தேர்ந்தெடுக்கும்போது மரை போட்ட பாட்டம் பிராக்கெட்டையே நான் தேடுவேன். அழுத்திச் செருகும் வகையோ, ஃபிரேம் துல்லியமாக இல்லாவிட்டால் மிதிக்கிறபோதெல்லாம் கிரீச்சிடும். மரை வகையில் ஒன்றை மறக்க வேண்டாம். செயின் பக்கத்துக் கப்புக்கும் இடது பெடலுக்கும் மரை எதிர்த்திசை.

பைக் வேலை பழகிய கைகளுக்கு ஒரு வேண்டுகோள்: டார்க் ரெஞ்ச் வாங்குங்கள். பைக்கின் பின் அச்சு நட்டை 100 நியூட்டன் மீட்டருக்குப் பக்கத்தில் இறுக்குவோம். சைக்கிளில் ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மின் போல்ட்டுக்கு 5, 6 போதும். பழக்க தோஷத்தில் ஒரு கால் சுற்று கூடினால் அலுமினிய மரை போய்விடும், கார்பன் ஹேண்டில்பார் என்றால் உள்ளுக்குள் விரிசல் விட்டுச் சொல்லாமல் காத்திருக்கும்.

பைக் அறிவு எங்கே செல்லும், எங்கே செல்லாது

சஸ்பென்ஷனில் அப்படியே செல்லும். இரண்டு உலகமும் ஒரே ஆட்களுடையது. ஃபாக்ஸ் 1974இல் மோட்டோகிராஸ் ஷாக்கில் தொடங்கிய கம்பெனி, ஓலின்ஸும் அங்கிருந்தே வந்தது. ராக்‌ஷாக்ஸைத் தொடங்கிய பால் டர்னர் அதற்கு முன் மோட்டோகிராஸில் வேலை பார்த்தவர். பின் சஸ்பென்ஷன் அமைப்பு ஒன்றை ஹோர்ஸ்ட் லிங்க் என்று இன்றும் சொல்கிறோமே, அதன் ஹோர்ஸ்ட் லைட்னரும் பைக் பொறியாளர்தான். ஹோண்டாவே கியர்பாக்ஸ் வைத்த ஆர்என்01 டவுன்ஹில் சைக்கிளைச் செய்தது. அதில் கிரெக் மினார் 2005 உலகக் கோப்பைத் தொடரை வென்றார், ஆனால் ஹோண்டா அதைக் கடைக்குக் கொண்டுவரவே இல்லை. சாக் (நீங்கள் ஏறி உட்காரும்போது சஸ்பென்ஷன் அமுங்கும் அளவு) எடுப்பது, ரீபவுண்டை (அமுங்கியது திரும்பும் வேகத்தை) சரிபார்ப்பது எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வேலை. பின்னால் 30 சதவீதம், ஃபோர்க்கில் 20 என்று தொடங்கலாம்.

எடையில் செல்லாது. 110 கிலோ மோட்டோகிராஸ் பைக்கின் மேல் நீங்கள் ஒரு சேர்க்கை. 15 கிலோ சைக்கிளிலோ எடையின் பெரும்பகுதியே நீங்கள்தான். உடம்பை முன்னும் பின்னும் நகர்த்துவதுதான் இங்கே பெரிய சஸ்பென்ஷன். 300 கிராம் குறைக்கும் கேசட்டுக்குச் செலவழிப்பதற்கு முன் இதை நினையுங்கள்.

பிரேக்கில் கவனம் தேவை. பைக்குக்கு வாங்கிய டாட் 4 பாட்டில் வீட்டில் இருக்கிறதே என்று ஊற்றிவிடாதீர்கள். ஷிமானோவும் மகுராவும் மினரல் ஆயில். ஸ்ராமின் பல பிரேக்குகள் டாட் 5.1, அண்மைய சில மினரல். மாற்றி ஊற்றினால் சீல் ஊதிப்போய் லீவர் திரும்பாது.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. பல நாடுகளில் சைக்கிளின் முன் பிரேக் இடது கைக்கு வரும். பைக்கில் இடது கை கிளட்ச். செங்குத்தான இறக்கத்தில் பதற்றத்தில் கிளட்ச் என்று நினைத்து இடது கையை முழுக்க இழுத்தால் ஹேண்டிலைத் தாண்டி விழ வேண்டியதுதான். எந்த வழியில் வந்த சைக்கிளாக இருந்தாலும், முதல் ஓட்டத்துக்கு முன்பே ஹோஸை மாற்றி, காற்று நீக்கி, முன் பிரேக்கை வலது கைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

நான் இப்போது ஓட்டுவது முழுசாக வாங்கிய 29 அங்குல ஹார்ட்டெயில். பின் அச்சு 148, மரை போட்ட பாட்டம் பிராக்கெட், 31.6 போஸ்ட். மூன்றையும் பார்த்தே எடுத்தேன். நல்ல சக்கரமும் நான்கு பிஸ்டன் பிரேக்கும் ஏறிவிட்டன. அடுத்து அதே அளவுகள் உள்ள ஃபுல் சஸ்பென்ஷன் ஃபிரேம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஷாக்கும் கூடவே வர வேண்டும், என் ஃபோர்க்கின் 130 மி.மீ. அதற்குப் போதுமானதாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் அமைந்தால், மற்ற எல்லாம் பழைய வண்டியிலிருந்து ஒரே நாளில் இடம் மாறிவிடும்.