பட்ஜியா, ஜீப்ரா ஃபின்ச்சா?

பலர் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லும் பட்ஜி உண்மையில் ஆஸ்திரேலியாவின் சின்னக் கிளி. அந்தப் பெயருக்கு உரியவை ஆப்பிரிக்கக் கிளிகள். ஜீப்ரா ஃபின்ச்சும் ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பறவைதான். இது பாடும் குருவி. இரண்டும் புல் விதை தின்னும், இரண்டும் கூட்டமாக வாழும். அதனால் எதை வாங்கினாலும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறார்கள்.

அளவைப் பார்த்தால் பட்ஜி 18 செ.மீ., 30 முதல் 40 கிராம். ஃபின்ச் 10 செ.மீ., சுமார் 12 கிராம்.

பெரிய வித்தியாசம் குரலில்தான் இருக்கிறது. ஃபின்ச்சில் ஆண் மட்டுமே பாடும். குஞ்சுப் பருவத்தில் அப்பாவின் பாட்டைக் கேட்டுக் கேட்டுப் பழகும். சுமார் 90 நாளில் பாட்டு முடிவாகிவிடும். அப்புறம் ஆயுசுக்கும் அதே பாட்டுதான். வேறு இனக் குருவியிடம் வளர்ந்தால் அந்த இனத்தின் பாட்டையே பாடும். வளர்ப்பு அவ்வளவு ஆழமாகப் பதிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

பட்ஜி வளர்ந்த பிறகும் புதுக் குரல்களைக் கற்கும். கூட்டத்தில் இருப்பவற்றின் அழைப்புக் குரலைத் தன் குரலாக்கிக்கொள்ளும். மனிதப் பேச்சைப் பழகுவதும் இதே வழியில்தான். பக் என்ற பட்ஜி 1,728 சொற்கள் பேசியதாகக் கின்னஸ் பதிவு இருக்கிறது.

இதைக் கேட்டதும் ஒற்றைப் பட்ஜியை வாங்கி வருபவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது. அது பேசுகிறதென்றால் உங்களைத் தன் கூட்டமாக ஏற்றுக்கொண்டது என்று பொருள். பகல் முழுக்க வீட்டில் ஆளில்லை என்றால் அந்தக் கூட்டமே காணாமல் போகிறது. அப்படிப்பட்ட வீட்டுக்கு நான் ஃபின்ச் ஜோடியையே சொல்வேன். அவை ஒன்றுக்கொன்று துணை. கையில் வந்து உட்காரா, பார்த்து ரசிக்கலாம். தினம் கூடவே இருந்து பழக முடிந்தவருக்குப் பட்ஜி நல்ல தோழன். ஆனாலும் இரண்டாக வளர்ப்பதே நல்லது.

கூண்டும் வேறு வேறு. பட்ஜி அலகாலும் காலாலும் கம்பியைப் பிடித்து ஏறும். ஃபின்ச் ஏறாது, பறந்துதான் போகும். அதற்கு உயரத்தைவிட நீளம் முக்கியம். ஃபின்ச் ஜோடிக்குக் கூட்டுப்பெட்டியை எடுக்காமல் விட்டால் ஓயாமல் முட்டையிட்டுப் பெட்டை மெலிந்துபோகும்.

இரண்டையும் ஒரே கூண்டில் மட்டும் விடாதீர்கள். பட்ஜியின் அலகு ஒரே கடியில் ஃபின்ச்சின் காலை முறித்துவிடும்.