எச்சிவேரியாவா, ஹாவொர்த்தியாவா: வேலூர் பால்கனிக்கு எது?

இரண்டுமே தடித்த இலையில் நீரைச் சேமித்துவைக்கும் சக்குலன்ட் வகைச் செடிகள். நர்சரியில் முதலில் கண்ணில் படுவது எச்சிவேரியாதான். ஆனால் அது மெக்சிகோ மேட்டுநிலத்துச் செடி. பகலில் வெயில் அடித்தாலும் இரவு குளிர வேண்டும். வேலூர் அக்னி நட்சத்திரத்தில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும், இரவிலும் சுவர் அனல் கக்கும். செடி வளர்ச்சியை நிறுத்திவிடும், வேர் நீரை உறிஞ்சாது. பரிதாபப்பட்டு ஊற்றும் தண்ணீர் தண்டை அழுகவைக்கும். அடியிலை கண்ணாடி மாதிரியாகித் தொட்டதும் உதிர்கிறதா? தண்டில் கறுப்பு தெரியாத இடம்வரை வெட்டி, 4–5 நாள் நிழலில் காயவைத்து, புதுக் கலவையில் நடுங்கள்.

ஹாவொர்த்தியா தென்னாப்பிரிக்காவில் புதர் நிழலில் வளர்வது. கிழக்குப் பால்கனியின் 2 மணி நேரக் காலை வெயில் போதும். மேற்கு வெயிலில் இலை செம்பழுப்பாகும். உள்ளே தள்ளி வைத்தால் மெல்லப் பச்சை திரும்பும். அதே நிழலில் எச்சிவேரியா தண்டு நீண்டு அலங்கோலமாகிவிடும்.

கலவை இரண்டுக்கும் ஒன்றே: 2 பங்கு செங்கல் நொறுக்கு (3–5 மி.மீ.), 1 பங்கு எம்-சாண்ட், 1 பங்கு மண்புழு உரம். எம்-சாண்டை நீர் தெளியும்வரை கழுவுங்கள். அதன் தூசி இறுகி வடிகாலை அடைக்கும். துளையுள்ள மண் தொட்டி நல்லது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டையும் சாரலிலிருந்து ஒதுக்குங்கள். மார்கழி, தையில் எச்சிவேரியா நிறமேறி நிற்பது அழகுதான், மறுக்க முடியாது. முதல் செடி என்றால் ஹாவொர்த்தியாவே வாங்கலாம்.