மருதமுனைக் கைத்தறிக் கடை: துணியைத் தெரிந்தவர்கள் விற்கும் இடம்

அப்பாவுக்குச் சாறன் எடுக்க மட்டக்களப்பிலிருந்து கல்முனைப் பக்கம் போகிறவர்கள், கல்முனைக்குச் சற்று முன்னால் மருதமுனையில் இறங்கிவிடுங்கள். பிரதான வீதியோரத்தில் இருக்கும் இந்தக் கடை சின்னதுதான். பெயர்ப்பலகைகூடக் கண்ணில் படாது.

நான் கரும்பச்சைக் கட்டம் போட்ட ஒன்றைக் கையில் எடுத்தேன். விற்க நின்ற பிள்ளை தடுத்தாள். “அக்கா, அப்பாவுக்கு வயசு போயிட்டெண்டா இது வேணாம். பாரம், இடுப்புல நிக்காது. இதப் பாருங்க.” அவள் நீட்டியது விலை குறைந்தது. “சாயம் முதல்ல கொஞ்சம் போகும். தனியா ஊறப்போடுங்க” என்றும் சொன்னாள். விற்கிற இடத்தில் இருந்துகொண்டு சாயம் போகும் என்று தானாகச் சொல்லும் ஆளை நான் அதிகம் கண்டதில்லை.

விசாரித்தேன். புதிதாகச் சேரும் எவரையும் முதலாளி நேரே கடையில் நிறுத்துவதில்லையாம். முதலில் பின்னாலுள்ள தறிக்கொட்டிலில் விடுவார். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் அறுந்தால் முடிச்சுப் போடவேண்டும், தறியின் மிதியை மிதிக்கவேண்டும். பிறகு வீட்டுக்கு ஒரு சாறன் கொடுத்து, உடுத்துத் துவைத்துப் பார்த்துக் குறை சொல்லச் சொல்வாராம். பழுதான துணியை மாற்றிக் கொடுக்க இவர்கள் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. அந்தப் பிள்ளையின் வாப்பும்மா வீட்டுத் தறி 2004 சுனாமியோடு போனதாம். அதைச் சொன்னபோது அவள் கை துணியின் கரையைத் தடவிக்கொண்டே இருந்தது.

இது என்னை ஏன் இவ்வளவு தொட்டதென்றால், நான் ஒரு நிதி நிறுவனத்தின் கவுண்டரில் வருஷக்கணக்கில் இருந்தவள். “வாடிக்கையாளரே எங்கள் உயிர்” என்று டீசேர்ட்டில் அடித்துத் தந்தார்கள். ஆனால் தவறாக வெட்டிய சிறு கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கக்கூட மேலிடத்துக்குக் கடிதம் எழுதவேண்டும். எங்கள் லீவுப் படிவங்கள் மாதக்கணக்கில் கையெழுத்தில்லாமல் கிடக்கும். அந்த டீசேர்ட்டைப் போட்டுக்கொண்டு எப்படிச் சிரிப்பது? ஊழியரையும் ஒரு வாடிக்கையாளராகப் பார்க்கவேண்டும் என்று சந்தைப்படுத்தல் பேராசிரியர் லெனர்ட் பெரி 1981இலேயே வங்கித் துறைக்காக எழுதிவிட்டார். ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல்களில், விருந்தினரின் குறையைத் தீர்க்க மேலாளரைக் கேட்காமலே 2,000 டொலர் வரை செலவிட ஊழியருக்கு உரிமை கொடுத்தார்கள். மருதமுனை முதலாளி கொடுப்பது ஒரு சாறனை மாற்றும் உரிமைதான். வேலை செய்பவரை நம்புவது என்ற வகையில் இரண்டும் ஒன்றே.

குறையும் உண்டு. பெருநாள் நெருக்கத்தில் போனபோது அந்த நாட்களுக்கென்று கூடுதலாக வேலைக்குச் சேர்த்த பொடியன்மார் நின்றார்கள். எதைக் கேட்டாலும் “எல்லாம் நல்லதுதான் அக்கா” என்றார்கள். அதே கடை, அதே துணி. தறிக்கொட்டிலைக் காணாதவர்கள் என்பது மட்டுமே வித்தியாசம். சனம் நிறையும் காலத்தில்தான் புது வாடிக்கையாளர் அதிகம் வருவார்கள். அவர்களுக்குக் கிடைப்பது இந்தப் பதில். முதலாளி இதைக் கட்டாயம் கவனிக்கவேண்டும். விற்கிற பிள்ளைகள் பின்னேரம் வரை நின்றபடியே இருக்கிறார்கள். இரண்டு கதிரை போட்டால் நல்லது.

விலை வீதியோரச் சாறனைவிடக் கூடத்தான். பெருநாள் இல்லாத நாளில், காலையில் போங்கள். யாருக்கு, எத்தனை வயது, எங்கே உடுப்பது என்று சொல்லிவிட்டுத் தெரிவை அவர்களிடமே விடுங்கள்.