மீட்டரைக் கழற்ற வைத்து ஏமாற்றிவிட்டார்கள்: 14 மாதச் சம்பளம் போச்சு

நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு இன்வெர்ட்டர் மறுபடியும் அலறிவிட்டு அணைந்தது. இருட்டில் தட்டுத்தடுமாறிப் போய், ஃபிரிட்ஜில் இருந்த மாமியாரின் இன்சுலினை ஐஸ் பெட்டிக்கு மாற்றினேன். அதன் பிறகு தூக்கம் ஏது. காலையில் சோலார் மாட்டித் தந்த கம்பெனிக்குப் போன் போட்டால், "டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க மேடம்" என்கிறார்கள். இது 23வது போன். ஆத்திரத்தில் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

வீட்டுக்கு சோலார், காற்றாலை, பேட்டரி என்று எல்லாம் விற்று, ஆள் அனுப்பி மாட்டியும் தருகிற ஒரு ஆன்லைன் கடை. பெயர் போடவில்லை. வெளிக் கரண்டே வேண்டாம், நம் தேவையை நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று எங்களுக்கு ரொம்ப நாள் ஆசை. மூன்று வருஷமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இருந்தது. அது என் 14 மாதச் சம்பளம்.

அவர்கள் அனுப்பிய தம்பி மற்றவர்களைப் போல வாசலில் நின்று விலை சொல்லவில்லை. அதில்தான் விழுந்தேன். அறை அறையாக நடந்தான். "எத்தனை ஃபேன்க்கா? ராத்திரி எத்தனை ஓடும்?" என்று கேட்டான். ஃபிரிட்ஜை நகர்த்தி, பின்னால் ஒட்டியிருந்த சீட்டைப் படித்து வாட் எழுதிக்கொண்டான். கதவைத் திறந்ததும் இன்சுலின் அவன் கண்ணில் பட்டது. "பாட்டிக்கா? அப்போ ஃபிரிட்ஜ்தான்க்கா நமக்கு முதல் கணக்கு. மத்தது நின்னாலும் இது நிக்கக்கூடாது" என்று சொல்லி, தாளில் ஃபிரிட்ஜைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான். பாதி முன்பணம், மாட்டிய பிறகு மீதி என்பதுதான் பேச்சு. அந்த வட்டத்தைப் பார்த்ததும் அன்று சாயங்காலமே முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டேன்.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் உள்ளதை அப்படியே சொல்கிறேன். 375 வாட் பேனல் 8, ஆக 3 கிலோவாட். ஒரு நாளைக்கு 8 மணி நேர வெயில், ஆக 24 யூனிட். எங்கள் செலவு 9 யூனிட். 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி (Ah) டியூபுலர் பேட்டரி 4, ஆக 7.2 யூனிட். ராத்திரி தேவை 5 யூனிட். மழை நாளுக்கு மொட்டைமாடியில் 1 கிலோவாட் காற்றாலை. "தேவைக்கு மேலேயே வருதுக்கா, இனிமே அந்த மீட்டர் எதுக்கு? மாசாமாசம் சும்மா கட்டணம்" என்றான். நாங்களும் மின் இணைப்பை எழுதிக் கொடுத்து ஒப்படைத்துவிட்டோம். இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

இரண்டாவது வாரமே விடியற்காலையில் ஃபேன் நிற்க ஆரம்பித்தது. போன் செய்தோம். "புது பேட்டரி மேடம், செட் ஆக ரெண்டு மாசம் ஆகும்." இரண்டு மாதம் போனது. "இப்போ மேகமூட்டம், சீசன் மாறட்டும்." மாறியது. "பேனல்ல தூசி, துடைங்க." வாரம் இரண்டு தடவை துடைத்தோம். "நீங்க ஓவர்லோட் பண்றீங்க." அவர்கள் ஆளே எழுதிய பட்டியலைப் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அக்கா என்று கூப்பிட்ட தம்பிக்குப் போட்டால், "நான் சேல்ஸ்தான் மேடம், சர்வீஸ் வேற டிபார்ட்மென்ட்" என்றான். அக்கா மேடம் ஆனதை அப்போதுதான் கவனித்தேன்.

ஏழாம் மாதம் நான்கு பேட்டரியும் படுத்துவிட்டன. தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர், ஒயரைக் கவ்விப் பிடித்தாலே ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டரோடு வந்தார். நல்ல உச்சி வெயில். பேனல் கரண்டை பேட்டரிக்கு ஏற்றுகிற பெட்டிதான் கன்ட்ரோலர். பேனலில் இருந்து அதற்கு வரும் ஒயரைப் பிடித்தார், 33 ஆம்பியர். கன்ட்ரோலரில் இருந்து பேட்டரிக்குப் போகும் ஒயரைப் பிடித்தார், அதே 33. "ஏம்மா, இதை எம்பிபிடின்னு சொல்லியா குடுத்தாங்க?" என்று கேட்டார். பெட்டி மேலே பெரிய எழுத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. உண்மையான எம்பிபிடி, பேனலின் கூடுதல் வோல்ட்டை இறக்கி ஆம்பியராக ஏற்றிக் கொடுக்கும். எங்களுக்கு இரண்டு இரண்டு பேனலாகத் தொடரில் இணைத்து 48 வோல்ட் பேட்டரிக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த அமைப்பில் பேட்டரிப் பக்கம் ஆம்பியர் தெளிவாகக் கூடித் தெரிய வேண்டும். பெட்டியைக் கழற்றினால், அந்த வேலைக்கு அவசியமான கம்பிச்சுருளே உள்ளே இல்லை. வோல்ட்டை மாற்றாமல் பேனலை நேராக பேட்டரியோடு இணைத்துவிடுகிற சாதாரண பிடபிள்யூஎம் கன்ட்ரோலருக்கு எம்பிபிடி ஸ்டிக்கர்! பேனல் தரக்கூடியதில் ஒரு நல்ல பங்கு ஏழு மாதமாக எடுக்கப்படாமலே போயிருக்கிறது.

கன்ட்ரோலர் ஒழுங்காக இருந்திருந்தாலும் அந்த 24 யூனிட் பொய்தான். 375 வாட் என்பது ஆய்வகக் கணக்கு: சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி, செல்லின் சூடு 25 டிகிரி. காலை வெயிலும் மாலை வெயிலும் அந்த வீச்சில் அடிக்காது. ஒரு முழு நாள் வெயிலை உச்சி வெயிலாகச் சுருக்கினால், நல்ல வெயில் உள்ள இடத்திலேயே 4 முதல் 6 மணி நேரம்தான் தேறும். கூரை மேல் பேனல் 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். 25க்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். தூசி, ஒயர், இன்வெர்ட்டர், பேட்டரி எல்லாம் தின்றது போக எங்களுக்கு 10 யூனிட் வந்திருந்தாலே அதிகம். வந்தது 6.

அந்த 7.2 யூனிட் பேட்டரி கதையையும் கேளுங்கள். டியூபுலர் என்பதும் ஈய அமில பேட்டரிதான். அதைத் தினமும் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும். ஆக 3.6தான் நம்முடையது. இன்வெர்ட்டர் மாற்றும்போது கொஞ்சம் போகும், சும்மா விழித்திருக்கவே 50 வாட் இழுக்கும். கடைசியில் 2.5 யூனிட் மிஞ்சினால் பெரிது. தேவையோ 5. அதனால் தினமும் அடி வரை காலியாகி, பகலில் முழுதாக ஏறாமல், தகட்டில் சல்ஃபேட் படிந்து செத்திருக்கிறது. இன்வெர்ட்டர் கட் ஆகும் அளவையும் ஒரு பேட்டரிக்கு 10.5 வோல்ட் என்ற கணக்கில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பாதி இருக்கும்போது ஓய்வில் 12.1, 12.2 காட்டும். 10.5 என்றால் சுத்தமாகக் காலி.

எலக்ட்ரீஷியன் அண்ணன் போட்டுக் காட்டிய கணக்கு இது. வெளிக் கரண்டே இல்லாத வீடு என்றால் மூன்று மேக நாளைத் தாங்க வேண்டும். 9 யூனிட் வீதம் 27. பாதிதான் எடுக்கலாம் என்பதால் 54 யூனிட் பேட்டரி. இதே 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 30. எங்களுக்குக் கொடுத்தது 4. அந்த முப்பதையும் நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் 80 சதவீதத்துக்கு மேல் எடுக்கலாம், பல ஆயிரம் தடவை ஏற்றி இறக்கலாம், ஆனால் முதலிலேயே பெரிய பணம். பேனல்தான் இதில் மலிவான சாமான். கரண்டைத் தேக்கி வைப்பதுதான் செலவு. அதைச் சொல்லியிருந்தால் மீட்டரைக் கழற்றியே இருக்க மாட்டோம். மூன்று மேக நாளுக்கும் அந்த இணைப்பே போதுமாக இருந்திருக்கும்.

காற்றாலையைப் பற்றிப் பேசவே பிடிக்கவில்லை. வினாடிக்கு 12 மீட்டர் காற்றில்தான் அது 1 கிலோவாட். மின்சாரம் காற்று வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப வரும். எங்கள் மாடியில் நல்ல நாளில் 4 மீட்டர். மூன்றில் ஒரு பங்கு வேகம், 27ல் ஒரு பங்கு மின்சாரம், 37 வாட். ஒரு ஃபேன்கூட ஒழுங்காகச் சுற்றாது. சுவர் மட்டும் ராத்திரி முழுக்க அதிர்கிறது.

இதையெல்லாம் எழுதி, படங்களோடு மெயில் அனுப்பினேன். ஒன்பது நாள் கழித்து நாலு வரி பதில் வந்தது. பேட்டரியைத் தவறாகப் பயன்படுத்தியதால் வாரண்டி செல்லாதாம். வெளி ஆள் திறந்ததால் கன்ட்ரோலருக்கும் செல்லாதாம். பேனலுக்கு 25 வருஷ வாரண்டி உண்டாம். பேனலில் என்ன குறை என்று நான் சொன்னேன்? 14 மாதச் சம்பளம் வாங்கியவர்கள் ஒரு தடவைகூட வீட்டுக்கு வந்து பார்க்கவில்லை.

விவரமாக எழுதுகிறேன் என்றேன். இன்வெர்ட்டர் மறுபடி பீப் அடிக்கிறது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். பேனல் வாட்டை 8 மணி நேரத்தால் பெருக்கினால் அந்த ஆளை வெளியே அனுப்புங்கள். ராத்திரிக்கு எத்தனை யூனிட், பேட்டரியில் எத்தனை சதவீதம் எடுக்கலாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மாட்டிய அன்றே உச்சி வெயிலில் கன்ட்ரோலரின் இரண்டு பக்கமும் ஆம்பியர் அளக்கச் சொல்லுங்கள். காற்றாலை வேண்டுமென்றால் முதலில் ஒரு வருஷம் காற்றை அளந்து பாருங்கள். ஒரு வருஷம் ஓடும்வரை யார் சொன்னாலும் மீட்டரைக் கழற்றாதீர்கள்.

நாங்கள் இணைப்புக்குத் திரும்ப விண்ணப்பித்திருக்கிறோம், புது இணைப்புக்கான கட்டணம் முழுசாகக் கட்டச் சொல்கிறார்கள். 14 மாதச் சம்பளத்துக்கு மேலே அதுவும். நுகர்வோர் புகாருக்கு அந்தத் தாளை நகல் எடுத்து வைத்திருக்கிறேன். ஃபிரிட்ஜைச் சுற்றிய வட்டம் அதில் நன்றாகத் தெரிகிறது.