ஒரு ‘கேள்’, நான்கு ஸ்பானிய வினைகள்
மாட்ரிட்டில் நான் சேர்ந்த மாலை நேர ஸ்பானிய வகுப்புக்கு 5-க்கு 4 நட்சத்திரம். நமக்குக் ‘கேட்பது’ ஒன்றுதான். அவர்களுக்கோ காபி கேட்டால் ‘பெதிர்’, வழி கேட்டால் ‘பிரெகுந்தார்’, சத்தம் காதில் விழுந்தால் ‘ஓயிர்’, பாட்டை ஊன்றிக் கேட்டால் ‘எஸ்குச்சார்’. முதல் வாரம் கடையில் ‘பிரெகுந்தார்’ போட்டு, காபியை விசாரணைக்கு அழைத்துவிட்டேன். பரிமாறியவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு! ஆசிரியை விதி எதுவும் சொல்லாமல், கடைக்காரராக நடித்தே என்னைத் திருத்தினார். கூப்பிட்டால் ‘இதோ வருகிறேன்’ என்போமே, அங்கே ‘யா வோய்’, அதாவது ‘இதோ போகிறேன்’. அதுதான் இன்னும் நாக்கில் ஏறவில்லை. குறைத்த ஒரு நட்சத்திரம், சின்ன அறையில் 18 பேரை அடைத்ததற்கு.