அட்மிஷன் மென்பொருளோடு ஏழு சீசன்

அரியலூர்ப் பக்கம் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். 2019-லிருந்து அட்மிஷன் பொறுப்பும் என்னிடம்தான். அந்த வருடம்தான் நோட்டையும் எக்செல் ஷீட்டையும் ஓரம் வைத்துவிட்டு, சேர விசாரிக்கும் பிள்ளைகளின் விவரத்தைப் பதிந்து பின்தொடர, வருடச் சந்தாவில் ஒரு அட்மிஷன் மென்பொருள் வாங்கினோம். 2025 வரை ஏழு சீசன் அதிலேயே ஓட்டியிருக்கிறோம். "வாங்கலாமா சார்?" என்று வேறு கல்லூரி நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

அது செய்துகொடுத்த நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் ஒரே பையனை எங்கள் ஆசிரியர்கள் மூன்று பேர் தனித்தனியாகக் கூப்பிடுவார்கள். "நேத்துதான் உங்க மேடம் ஒருத்தங்க பேசினாங்க, இன்னைக்கு நீங்களா?" என்று அப்பா எரிந்து விழுவார். இப்போது ஒரு எண்ணுக்கு ஒரு பதிவு. கடைசியாக யார் பேசினார், என்ன பேசினார் என்பது திரையிலேயே இருக்கிறது. அந்த எரிச்சல் அடியோடு நின்றது. இதற்காக மட்டுமே கூடச் சந்தா கட்டலாம்.

எங்களைக் கைவிட்டது டேஷ்போர்டில், அதாவது எல்லா எண்ணிக்கையையும் ஒரே பார்வையில் காட்டும் திரையில், வரும் கணிப்பு. போன வருடம் இந்தத் தேதியில் இத்தனை என்கொயரி, இத்தனை பேர் சேர்ந்தார்கள், ஆகவே இந்த வருடம் இத்தனை சீட் நிரம்பும் என்று ஒரு எண் காட்டும். நிர்வாகத்துக்கு அந்த எண் மேல் அவ்வளவு நம்பிக்கை. 2021-ல் பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்புக்கு 50, பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூவுக்கு 30 சதவீதம் என்று கணக்குப் போட்டு மார்க் கொடுத்தார்கள். முந்தைய வருடக் கட்-ஆஃபோடு ஒப்பிடவே வழியில்லை. 2024-25-ல், பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுக்கும் ஏ.ஐ.சி.டி.இ., ஒரு பிரிவில் இத்தனை பேரைத்தான் சேர்க்கலாம் என்ற இன்டேக் உச்சவரம்பை எடுத்தது. நல்ல நிலையில் இருக்கும் கல்லூரிகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டைக் கூட்டிக்கொள்ள வழி திறந்தது. எங்கள் என்கொயரி குறையவில்லை, ஆனால் பிள்ளைகள் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். என்கொயரியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

கவுன்சிலிங் நடைமுறையும் அதற்குப் புரியவில்லை. சிறுபான்மை அந்தஸ்து இல்லாத எங்களைப் போன்ற கல்லூரியில் 65 சதவீத சீட் அரசு நடத்தும் ஒற்றைச் சாளரக் கவுன்சிலிங்குக்குப் போகும், 35 சதவீதம்தான் நாங்களே நிரப்பும் மேனேஜ்மென்ட் சீட். இரண்டிலும் பிள்ளை வரும் வழி வேறு, பேச வேண்டிய பேச்சும் வேறு. 2022-லிருந்து இடம் ஒதுக்கப்பட்டதும் 'ஏற்றுச் சேர்கிறேன்', 'ஏற்கிறேன், மேலே கிடைத்தால் போகிறேன்' என்றெல்லாம் தேர்வு செய்யலாம். முதலாவதைச் சொன்னவர் நேராகக் கல்லூரிக்கு வந்து பணம் கட்டுவார். இரண்டாவதைச் சொன்னவர் கவுன்சிலிங் உதவி மையத்தில் கட்டிவிட்டுக் காத்திருப்பார், அவர் வருவாரா மாட்டாரா என்பது பிறகுதான் தெரியும். மென்பொருளில் இருந்ததோ 'சேர்ந்தார்', 'சேரவில்லை' என்ற இரண்டே கட்டம். நடுவில் ஒரு நிலை வேண்டும் என்று கேட்டோம். அது கிடைப்பதற்குள் ஒரு சீசன் முடிந்துவிட்டது.

இன்னொரு குறை எனக்கு இப்போதும் வலிக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 2021 முதல் 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. அதில் வந்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும். பெண் பிள்ளையாக இருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். எங்கள் என்கொயரி படிவத்தில் பள்ளியின் பெயர் மட்டும்தான் இருந்தது, எத்தனை வருடம் அங்கே படித்தார் என்ற கேள்வி இல்லை. அதனால் எல்லா வீட்டுக்கும் ஒரே ஃபீஸ் விவரத்தைத்தான் சொல்லியிருக்கிறோம். கூலி வேலைக்குப் போகும் அப்பாவிடம் அந்தத் தொகையைச் சொன்னால் அவர் மறுபடி ஏன் போனை எடுக்கப்போகிறார்? இப்போது எங்கள் படிவத்தில் முதல் கேள்வியே அதுதான்.

'சேராததற்குக் காரணம்' என்று ஒரு பட்டியலும் மென்பொருளில் உண்டு. கட்டணம் அதிகம், வேறு கல்லூரி, தொடர்பு கிடைக்கவில்லை, மற்றவை. எங்களுக்கு ஒவ்வொரு வருடமும் 'மற்றவை'தான் குவியும். 2022 அக்டோபரில், சீசன் முடிந்த பிறகு, நானும் ஆபீஸ் உதவியாளர் அக்காவும் அந்த 'மற்றவை' எண்களை வரிசையாகக் கூப்பிட்டோம். செந்துறைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்து அம்மா சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "காலேஜ் புடிச்சிருந்துச்சு சார். உங்க பஸ்ஸு செந்துறையோட நின்னுடுதாமே. அங்கேருந்து பொட்டப்புள்ள இருட்டுல எப்படி வரும்?" அதே பக்கத்து ஊர்களிலிருந்து ஒன்பது வீட்டில் இதே பதில். ஒன்பது பெயருக்கும் நேராக 'மற்றவை' என்று போட்டு மூடிவைத்திருந்தோம்.

அந்த மாதம் பேசியதில் தெரிந்த அளவுக்கு எந்த டேஷ்போர்டிலும் எனக்குத் தெரிந்ததில்லை. அதற்கு முன் எங்கள் திட்டமிடல் என்றால் பேனர் எத்தனை, எந்தப் பள்ளிக்குப் போவது, எந்த டிபார்ட்மென்ட்டுக்கு எத்தனை டார்கெட் என்பதுதான். அடுத்த ஜூனில் பஸ்ஸை இன்னும் மூன்று நிறுத்தம் தள்ளி விட்டோம். சிவில் பிரிவுக்கு ஆள் வராததற்கு விளம்பரம் போதாது என்றுதான் நினைத்திருந்தோம். பேசிப் பார்த்தால், படித்து முடித்த எங்கள் பழைய மாணவர்கள் என்ன சம்பளம் வாங்குகிறார்கள் என்பது அந்த ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதைப் பேனரால் மாற்ற முடியாது.

வாங்க நினைப்பவர்கள் டெமோ காட்டும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: படிவத்தில் ஒரு கேள்வியை நாமே சேர்க்க முடியுமா, கம்பெனிக்கு மெயில் போட்டுக் காத்திருக்க வேண்டுமா? நாங்கள் இதைக் கேட்காமல் வாங்கிவிட்டோம். இந்த வருடம் சந்தா புதுப்பிக்கும் முன் பிடிவாதமாக நின்று, சேராதவர்களை ஊர்வாரியாகப் பிரித்துக் காட்டும் ரிப்போர்ட்டை வாங்கியிருக்கிறேன். ஜனவரியில் நடக்கும் பஸ் ரூட் கூட்டத்துக்கு அதைத்தான் அச்செடுத்துக் கொண்டுபோகிறேன்.